கையெழுத்திடாத குழந்தைகள்

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் ஹென்றி என்றொரு சிற்றூர். அதன் பங்குத்தந்தையாக இருந்த கில்பர்ட் கோத், பூசைக்கு உதவிய சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிவந்தது 1983ல் பெற்றோருக்குத் தெரியவந்தது. லஃபாயெட் மறைமாவட்டம் அவரை அங்கிருந்து அகற்றியது. எதற்காக அகற்றினோம் என்று பங்குமக்களிடம் சொல்லவில்லை. அடுத்த ஆண்டில் சில குடும்பங்களோடு ராஜி ஏற்பட்டது. சுமார் 40 லட்சம் டாலர் கைமாறியது. விவகாரம் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. ஒரு குடும்பம் மட்டும் அந்த ஏற்பாட்டில் சேர மறுத்து, தங்கள் மகனுக்கு நேர்ந்ததைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லியே தீர்வோம் என்று நின்றது. ஜேசன் பெர்ரி என்ற பத்திரிகையாளர் 1985ல் உள்ளூர் வார இதழொன்றில் இதைத் தொடர்ந்து எழுதினார். கோத் குற்றத்தை ஒப்புக்கொண்டு இருபதாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1986 பிப்ரவரியில் அந்தக் குடும்பத்துக்கு 12.5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை தேசியச் செய்தியாக முதன்முதலில் உருவெடுத்தது இந்த வழக்கில்தான். அந்த ஒரு குடும்பமும் மற்றவர்களைப் போலப் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கியிருந்தால் செய்தி எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொள்வது எந்த நாட்டிலும் புதிதல்ல. வழக்கென்றால் ஆண்டுகள் ஓடும், செலவு ஏறும், சாட்சிக் கூண்டில் நின்று அந்தரங்கத்தை அந்நியர் முன் விரித்துக்காட்ட வேண்டியிருக்கும். பாதிக்கப்பட்டவர் ராஜிக்கு இசைவதை யாரும் குறைசொல்ல முடியாது. நான் இங்கே எடுத்துக்கொள்வது ராஜியை அல்ல, அதற்குள் செருகப்படும் ஒரு நிபந்தனையை. 1980களிலும் 1990களிலும் அமெரிக்க மறைமாவட்டங்களில் புழங்கிய ஒப்பந்தங்களின் உடலமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் ஒரு தொகை. அதைப் பெற்றுக்கொண்டு மறைமாவட்டத்தின் மீதோ குருவின் மீதோ இனி எந்தக் கோரிக்கையும் எழுப்புவதில்லை என்ற விடுதலைப் பத்திரம். தவறு நடந்ததாக மறைமாவட்டம் ஒப்புக்கொள்ளவில்லை என்ற வாசகம். கடைசியில் வாய்ப்பூட்டு: நடந்ததையோ தொகையையோ, இப்படியோர் ஒப்பந்தம் இருப்பதையோகூட யாரிடமும் சொல்லக்கூடாது. மீறினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர நேரிடும் என்ற அச்சம் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் பல, வழக்கு தாக்கலாகும் முன்பே முடிந்துவிட்டவை. தாக்கலான மனு பொது ஆவணம்; எவரும் போய்ப் பார்க்கலாம். தாக்கலாகாத வழக்குக்கு எண் இல்லை, பதிவேடு இல்லை, பின்னாளில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நூல்முனையும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞருக்கு வழக்கப்படி மூன்றில் ஒரு பங்கு, அதுவும் விசாரணை நடத்தாமலே. காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலவு இன்னதென்ற நிச்சயம். மறைமாவட்டத்துக்கு அமைதி. மேசையைச் சுற்றி உட்கார்ந்த எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது.

ஆகவே இதை இரு தரப்பார் விரும்பிச் செய்துகொண்ட தனிப்பட்ட உடன்படிக்கையாகப் பார்ப்பதே வழக்கம். அந்தப் பார்வையிலேயே பிழை இருக்கிறது என்பது என் வாதம். பணம் கொடுப்பவர் அங்கே வாங்குவது எதை? நடந்துவிட்ட கொடுமையை யாராலும் வாங்கவோ அழிக்கவோ முடியாது. வாங்கப்படுவது ஒரு செய்தி: இன்னொரு பங்கில் இன்னொரு தாய் தன் பிள்ளையை அதே குருவிடம் நம்பி அனுப்பாமல் தடுத்திருக்கக்கூடிய செய்தி. அது யாருக்குப் பயன்படுமோ அந்தத் தாய் மேசையில் இல்லை. அவள் பிள்ளை ஒருவேளை இன்னும் பிறக்கக்கூட இல்லை. தன் வீட்டை விற்கிறவன் பக்கத்து வீட்டையும் சேர்த்து எழுதிக்கொடுத்தால் பத்திரப்பதிவு அலுவலகம் சிரிக்கும். இங்கே அப்படித்தான் எழுதிக்கொடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரையே அதற்கு விற்பனையாளராகவும் ஆக்கினார்கள். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை, தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையின் பாதுகாப்பை, அவர் கையாலேயே விற்கவைத்தது இந்த ஏற்பாட்டின் தனிக் கொடுமை.

இதற்கான சான்று பாஸ்டனில் குவிந்துகிடக்கிறது. ஜான் கேகன் 1962ல் குருப்பட்டம் பெற்றவர். முப்பதாண்டுக் காலத்தில் ஆறு பங்குகளில் பணிபுரிந்தார். 130க்கும் மேற்பட்டோர் பின்னர் அவர்மீது புகார் சொன்னார்கள். 1982ல் ஒரே குடும்ப உறவைச் சேர்ந்த ஏழு சிறுவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி அவர்களுடைய உறவினரான ஒரு பெண்மணி அப்போதைய பேராயர் கர்தினால் மெடிரோசுக்குக் கடிதம் எழுதினார். 1984ல் கேகன் வெஸ்டன் நகரின் புனித ஜூலியா பங்குக்கு மாற்றப்பட்டபோது, துணை ஆயர் ஜான் டார்சி புதிய பேராயர் பெர்னார்ட் லாவுக்கு எழுத்து மூலமாகவே தன் கவலையைத் தெரிவித்தார். மாற்றம் நிற்கவில்லை. கேகன் 1993 வரை அந்தப் பங்கில் இருந்தார். 1990களின் நடுவிலிருந்து பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வழக்கறிஞர்களை நாடியபோது, அவர் தொடர்பான சுமார் 50 கோரிக்கைகளை ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து உயர்மறைமாவட்டம் ஓசையில்லாமல் முடித்துவைத்தது. 2001 நவம்பரில் நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி, ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழின் மனுவை ஏற்று, முத்திரையிட்ட கோப்புகளைத் திறக்க உத்தரவிட்டார். மேல்முறையீடு எடுபடவில்லை. 2002 ஜனவரி 6ஆம் தேதி முதல் செய்தி வெளியானது. அந்த மாதக் கடைசியில் அதே நாளிதழ் இன்னொன்றையும் வெளியிட்டது: முந்தைய பத்தாண்டுகளில் குறைந்தது 70 குருக்கள் மீதான கோரிக்கைகளை உயர்மறைமாவட்டம் இதே முறையில் ரகசியமாகத் தீர்த்திருந்தது.

எனக்கு இந்தக் கதையில் கேகனைவிட அந்த எழுபது என்ற எண்தான் முக்கியமாகப் படுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ராஜியும் நியாயமானதாகவே தெரியும்: ஒரு பாதிக்கப்பட்டவர், ஒரு குரு, ஒரு தொகை. ஆனால் ஒருவர் செய்த தவறும் எழுபது பேர் செய்த தவறும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. முதலாவது தனிமனிதனின் குற்றம். இரண்டாவது நிர்வாகத்தின் குற்றம். எழுபது என்று கூட்டிச் சொல்லத் தெரிந்த ஒரே இடம் பேராயர் அலுவலகம். கையெழுத்திட்டுப் போனவர்களில் பலர் தங்களுக்கு மட்டும்தான் இது நடந்தது என்று நினைத்துக்கொண்டு போனார்கள். வாய்ப்பூட்டு குற்றத்தை மறைப்பதைக் காட்டிலும் எண்ணிக்கையை மறைப்பதில் கெட்டிக்காரத்தனமானது. எண்ணிக்கை தெரியாதவரை போலீசுக்கு அது பழைய புகார், பத்திரிகைக்கு அது வதந்தி, பங்குமக்களுக்கு அது ஒரு நல்ல சாமியார் மீது யாரோ கிளப்பிய அவதூறு.

இந்தச் சங்கிலி அறுந்த இடங்களைத் தேடினால் திரும்பத் திரும்ப ஒரே காட்சியைத்தான் பார்க்கிறோம். லூயிசியானாவில் ஒரு குடும்பம் ராஜிக்கு மறுத்தது. மசாசூசெட்ஸின் வுஸ்டர் மறைமாவட்டத்தில் பில் சாவியானோ 1995ல் தனக்கு முன்வைக்கப்பட்ட ஒப்பந்தத்தின் வாய்ப்பூட்டு நிபந்தனைக்கு இணங்க மறுத்தார். எய்ட்ஸ் முற்றி, இன்னும் அதிக நாள் இருக்கப்போவதில்லை என்று நம்பியிருந்த காலம் அது. இழக்க அதிகமில்லாத மனிதர். குறைந்த தொகையோடு பேசும் உரிமையை வைத்துக்கொண்டார். புதிய மருந்துகள் அவரைப் பிழைக்கவைத்தன. பாதிக்கப்பட்டோர் அமைப்பின் உள்ளூர்ப் பிரிவைத் தொடங்கி, ஆவணங்களைத் திரட்டி, பின்னர் பாஸ்டன் நிருபர்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவராகவும் ஆனார். ஒரு சமூகம் தன் குழந்தைகளுக்கு எதிரான ஆபத்தை அறிந்துகொள்வது சாகக் கிடக்கும் ஒருவரின் பிடிவாதத்தைப் பொறுத்திருந்தது என்றால், அந்த ஏற்பாட்டுக்குத் தனிப்பட்ட உடன்படிக்கை என்ற பெயர் பொருந்துமா?

‘விரும்பிச் செய்தது’ என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். மசாசூசெட்ஸில் தொண்டு நிறுவனங்கள் மீதான இழப்பீட்டுக்குச் சட்டமே 20,000 டாலர் உச்சவரம்பு வைத்திருந்தது. திருச்சபையும் தொண்டு நிறுவனம்தான். குழந்தைப் பருவத்தில் நடந்ததைப் பெரியவர்களான பிறகே பலரால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. அதற்குள் வழக்குத் தொடுக்கும் காலவரம்பு கடந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் அன்று நிலைமை இன்னும் விசித்திரமாக இருந்தது. சிட்னி உயர்மறைமாவட்டத்துக்கு எதிராக ஜான் எல்லிஸ் தொடுத்த வழக்கில், நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007ல் அளித்த தீர்ப்பின் சாரம் இது: திருச்சபை என்பது சட்டப்படி ஒரு நபர் அல்ல; சொத்துகளை வைத்திருக்கும் அறங்காவலர்கள் குருவின் செயலுக்குப் பொறுப்பும் அல்ல. அதாவது அன்று வழக்குப் போட எதிராளியே இல்லாமல்போனது. ‘எல்லிஸ் வாதம்’ என்று பெயர்பெற்ற இந்தக் கவசத்துக்கு முன்னாலேயே மெல்பர்ன் பேராயராக இருந்த ஜார்ஜ் பெல் 1996ல் தொடங்கிய இழப்பீட்டுத் திட்டத்தில் தொடக்கத்தில் உச்சத்தொகை 50,000 ஆஸ்திரேலிய டாலர். வழக்குக்குப் போனால் எதுவும் கிடைக்காது, இங்கே கையெழுத்திட்டால் இவ்வளவு என்ற நிலையில் ஒருவர் தரும் சம்மதம், மழை பொய்த்த ஆண்டில் வட்டிக்காரனிடம் விவசாயி தரும் சம்மதத்தைப் போன்றதுதான். காலவரம்பை நீட்டும் சட்டங்களை அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஆயர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துவந்ததையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். தெருவை அடைத்துவிட்டுச் சந்தில் கடை போட்டவர்கள் அவர்களே.

அயர்லாந்து இந்த வரலாற்றுக்கு வேறு சில நிறங்களைச் சேர்க்கிறது. 1975ல் பிரெண்டன் ஸ்மித் என்ற துறவியின் மீது புகார் சொன்ன இரண்டு பதின்வயதுச் சிறுவர்களைத் திருச்சபை விசாரித்தது. இதை யாரிடமும் சொல்வதில்லை என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியது. அந்த விசாரணைகளில் பங்கேற்ற இளம் குரு ஷான் பிரேடி பின்னாளில் அயர்லாந்தின் கர்தினால் ஆனார். 2010ல் இது வெளிவந்தபோது அவர் அந்தப் பதவியில் இருந்தார். அங்கே பணம் கைமாறவில்லை. இறைவன் பெயரால் வாங்கிய சத்தியமே போதுமாக இருந்தது. ஸ்மித் 1990களில் சிறைக்குப் போகும்வரை குழந்தைகள் பலியாகிக்கொண்டே இருந்தார்கள். டப்ளின் உயர்மறைமாவட்டமோ 1987ல் இத்தகைய கோரிக்கைகளுக்கு எதிராகக் காப்பீடு எடுத்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் அதன் பேராயர்களிடம் குறைந்தது 17 குருக்கள் மீதான புகார்கள் பற்றிய தகவல் இருந்ததாக 2009ல் வெளியான மர்ஃபி விசாரணைக் குழு அறிக்கை சொல்கிறது. வீடு எரியும் என்று தெரிந்தவர் நெருப்பு அணைக்க ஆள் அனுப்பாமல் காப்பீட்டு முகவரை அழைத்திருக்கிறார்.

அதே அறிக்கையில் வரும் ஒரு சம்பவம் இலக்கணப் பாடம் போன்றது. பேராயர் டெஸ்மண்ட் கானல், ஐவன் பெய்ன் என்ற குருவுக்கு உயர்மறைமாவட்ட நிதியிலிருந்து கடன் கொடுத்தார்; அந்தப் பணம் பெய்னால் பாதிக்கப்பட்ட ஒருவருடன் 1993ல் ஏற்பட்ட ராஜிக்குப் போனது. 1995ல் அந்தப் பாதிக்கப்பட்டவர் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியதும், மறைமாவட்டப் பணம் இதற்குப் பயன்படுத்தப்படுகிறதா என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். ‘பயன்படுத்தப்படுவதில்லை’ என்ற பொருளில் பேராயர் பதில் சொன்னார். ‘பயன்படுத்தப்படவில்லை’ என்று தான் சொல்லவில்லையே, நிகழ்காலத்தில்தானே சொன்னேன் என்பது அவர் பின்னர் தந்த விளக்கம். மனத்துக்குள் ஒரு பகுதியை நிறுத்திவைத்துக்கொண்டு பேசுவதற்கு மறையியலில் ஒரு பெயரே உண்டு. ரகசிய ராஜி எப்போதும் இப்படி ஒரு மொழியை உற்பத்தி செய்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய மௌனத்தைக் காப்பாற்றுவதற்கு வெளியே பொய்க்குப் பக்கத்துவீட்டுச் சொற்கள் வேண்டியிருக்கின்றன. அரசும் இதில் சளைத்ததல்ல. சிறார் இல்லங்களில் துன்பப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர அயர்லாந்து 2002ல் இயற்றிய சட்டம், பெற்ற தொகை பற்றியும் விண்ணப்பம் பற்றியும் அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் அபராதமும் சிறையும் என்றது. துறவு சபைகளோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் அவற்றின் பங்களிப்பு 12.8 கோடி யூரோ. அதற்கு மேலான பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டது.

சட்ட மரபு இதைத் தடுக்கவே இல்லையா? தடுத்தது, ஆனால் பாதி தூரம்தான். குற்றவழக்கை அமுக்குவதற்காகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி. நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதையே உதாரணத்தோடு சொல்கிறது: கொள்ளை வழக்கைக் கைவிடுவதாக ஒருவர் வாக்களிக்க, பறித்த பொருளின் மதிப்பைத் திருப்பித் தருவதாக மற்றவர் வாக்களித்தால் அந்த ஒப்பந்தம் வெற்றுக் காகிதம். ஆகவே போலீசிடம் போகக்கூடாது என்று தடுக்கும் வாய்ப்பூட்டை நீதிமன்றத்தில் நிறைவேற்றிக்கொள்வது கடினம் என்பது வழக்கறிஞர்களுக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் கையெழுத்திட்டவனுக்கு அது தெரியாது. செல்லாத நிபந்தனையும் வேலை செய்யும், அது செல்லாது என்று எதிராளிக்குத் தெரியாதவரை. பென்சில்வேனியாவின் ஆறு மறைமாவட்டங்களை ஆராய்ந்து, 301 குருக்களையும் அடையாளம் காணக்கூடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களையும் பட்டியலிட்ட 2018ஆம் ஆண்டின் கிராண்ட் ஜூரி, தன் நான்கு பரிந்துரைகளில் ஒன்றை இதற்கே ஒதுக்கியது: எந்த ரகசிய ஒப்பந்தமும் போலீசிடம் பேசுவதைத் தடுக்காது என்பதைச் சட்டத்தில் பச்சையாக எழுதுங்கள். அடுத்த ஆண்டு அப்படியே எழுதப்பட்டது.

எதிர்வாதங்களில் கனமானது பாதிக்கப்பட்டவர்களிடமிருந்தே வருவது. எங்களில் பலர் ரகசியத்தை விரும்புகிறோம். மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தெரிய வேண்டாம் என்று நினைக்கிறோம். எங்கள் மௌனத்தைப் பிடுங்க நீங்கள் யார்? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல் சுமப்பதால் வரும் குழப்பம் இது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடாமல் இருக்க நிறுவனம் கட்டுப்படுவது ஒன்று. நிறுவனத்தின் பெயரை வெளியிடாமல் இருக்கப் பாதிக்கப்பட்டவர் கட்டுப்படுவது வேறொன்று. முதலாவது கதவுக்கு உள்தாழ்ப்பாள், வேண்டும்போது அவரே திறந்துகொள்ளலாம். இரண்டாவது வெளியிலிருந்து போட்ட பூட்டு. ஒருவழியாக மட்டும் பாயும் ரகசியத்தை எழுதுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. அமெரிக்க ஆயர்கள் 2002 ஜூனில் டாலஸ் நகரில் ஏற்ற சாசனமே, பாதிக்கப்பட்டவர் தாமாக முன்வைக்கும் தக்க காரணம் இருந்து, அதை ஒப்பந்தத்திலேயே குறித்தாலொழிய ரகசிய நிபந்தனை கூடாது என்றது. நல்ல விதி, அதில் ஓட்டை இல்லாமலும் இல்லை. ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்பவர் நிறுவனத்தின் வழக்கறிஞராக இருக்கும்போது ‘பாதிக்கப்பட்டவரின் வேண்டுகோளின்படி’ என்ற வரி தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதிக்கப்பட்டவர் பிறகு மனம் மாறினால் எந்த நேரத்திலும் பேசலாம் என்ற வரியும் கூடவே இருந்தால்தான் முதல் வரியை நம்பலாம்.

ரகசியம் இல்லையென்றால் பணம் குறையும் என்பது அடுத்த வாதம். எனக்குப் பாதகமான ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2002க்கு முன் கேகன் தொடர்பான ரகசிய ராஜிகளின் சராசரி ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர். எல்லாம் அம்பலமான பின் 2003ல் பாஸ்டன் உயர்மறைமாவட்டம் 552 பேருக்கு ஒப்புக்கொண்டது 8.5 கோடி டாலர். தலைக்குச் சுமார் ஒன்றரை லட்சம். ஆக, மௌனத்துக்குக் கூடுதல் விலை கிடைத்தது என்று ஒருவர் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலஸ் எதிர்த் திசையைக் காட்டுகிறது: 2007ல் 508 பேருக்கு 66 கோடி டாலர், 2024ல் 1,353 பேருக்கு 88 கோடி டாலர், இரண்டும் ஊரறிய. கலிஃபோர்னியா காலவரம்பைத் தளர்த்தியதும் அதற்கு ஒரு காரணம் என்பதால் அந்த எண்ணை மட்டும் தூக்கிப்பிடிப்பதும் நேர்மையல்ல. ஆனால் ரகசியத்துக்குக் கூடுதல் விலை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் தொகை எதற்கான விலை? பட்ட துன்பத்துக்கான ஈடு அல்ல. துன்பம் பேசினாலும் பேசாவிட்டாலும் அதே அளவுதான். அது மேசையில் இல்லாத குழந்தையின் பங்கு. இன்னொன்றும் உண்டு: 552 பேர் வந்ததே கதவு திறந்ததால்தான். சராசரி குறைந்தது, ஈடு பெற்றவர்களின் எண்ணிக்கை பெருகியது. முன்பு தலைக்கு அதிகம் கிடைத்ததற்கு மற்றவர்கள் வராததும் காரணம். அவர்கள் வராததற்கு முன்னவர்கள் வாய் மூடப்பட்டிருந்ததும் காரணம்.

பழிசுமத்தப்பட்ட குருவின் மானம் என்ன ஆவது என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. ராஜி தீர்ப்பல்ல, காப்பீட்டு நிறுவனம் செலவுக்கு அஞ்சிப் பொய்ப் புகாருக்கும் பணம் கட்டக்கூடும். ஆனால் ரகசிய ராஜி நிரபராதிக்கும் துரோகம் செய்கிறது. அவர் குற்றமற்றவர் என்று யாரும் கண்டறியவில்லை. பணம் கொடுத்து வாய் அடைத்தார்கள் என்ற கிசுகிசு மட்டும் அவரோடு பங்குக்குப் பங்கு போகும். வாய்ப்பூட்டைத் தடைசெய்வதென்றால் புகாரையெல்லாம் சுவரொட்டியாக ஒட்டுவது என்று பொருளில்லை. புகார் போலீசுக்குப் போகட்டும். பேச விரும்பும் பாதிக்கப்பட்டவரைத் தடுக்கப் பணத்தைப் பயன்படுத்தக்கூடாது. இவ்வளவுதான் கேட்பது. பொய்யாகப் பேசினால் அவதூறுச் சட்டம் அங்கே இருக்கவே இருக்கிறது.

நிறுவனம் நொடித்துப்போய்விடும், பக்தர்களின் காணிக்கை வீணாகும் என்ற வாதத்துக்கு இஸ்கான் ஒரு பதில். அதன் குருகுலங்களில், அமெரிக்காவிலும் பிருந்தாவனத்திலும் மாயாப்பூரிலுமாக, 1970களிலும் 80களிலும் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றிச் சமூகவியலாளர் பர்க் ராச்ஃபோர்டின் கட்டுரை 1998ல் வெளிவந்தது. வெளியிட்டது அந்த இயக்கத்தின் சொந்த ஆய்விதழ். 2000ல் முன்னாள் மாணவர்கள் 44 பேர் டாலஸில் 40 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். சில கோயில்கள் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடின. கடைசியில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு 95 லட்சம் டாலர் என்று முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அந்தத் தொகையில் திருப்தி இல்லை, அது நியாயமும்கூட. ஆனால் எல்லாம் நீதிமன்றக் கோப்பில் ஊரறிய நடந்தது. கோயில்கள் இன்றும் இருக்கின்றன, அன்னதானமும் நடக்கிறது. வெளிப்படையான ராஜியால் ஒரு சமயம் அழிந்துவிடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதெல்லாம் பழங்கதை, 2002க்குப் பிறகு மாறிவிட்டது என்றும் சொல்லப்படுகிறது. டாலஸில் ஆயர்கள் ஏற்ற அந்தச் சாசனத்தின் முகமாக ஊடகங்களில் தோன்றியவர்களில் ஒருவர் கர்தினால் தியடோர் மெக்காரிக். 2005லும் 2007லும் நியூ ஜெர்சி மறைமாவட்டங்கள் அவர்மீதான இரண்டு கோரிக்கைகளைப் பணம் கொடுத்துத் தீர்த்தன. கோரியவர்கள் சம்பவத்தின்போது வயதுவந்தவர்கள் என்பதால் சாசனம் பொருந்தாது. 2018ல் அவர் சிறுவன் ஒருவனிடம் தவறாக நடந்ததாக வந்த புகார் நம்பத்தக்கது என்று நியூயார்க் உயர்மறைமாவட்டம் அறிவித்த பிறகுதான் பழைய இரண்டு ராஜிகளும் வெளியே தெரிந்தன. 2019 பிப்ரவரியில் வத்திக்கான் அவரது குருத்துவத்தைப் பறித்தது. விதி மாறியிருந்தது, பழக்கம் மாறவில்லை. அதே ஆண்டு மே மாதம் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, புகார் சொல்பவர்மீது மௌனத்தைச் சுமத்தக்கூடாது என்றது. டிசம்பரில் இத்தகைய வழக்குகளுக்கான ‘திருப்பீட ரகசியம்’ நீக்கப்பட்டது.

இதில் தமிழ்நாட்டைத் தொடும் ஓர் இழையும் உண்டு. உதகை மறைமாவட்டத்திலிருந்து மின்னசோட்டா மாநிலத்தின் க்ரூக்ஸ்டன் மறைமாவட்டத்துக்குப் பணிபுரியச் சென்ற ஒரு குரு அங்கே பதின்வயதுச் சிறுமியரிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகப் புகார் எழுந்தது. அதற்குள் அவர் நாடு திரும்பியிருந்தார். 2012ல் இங்கே கைதாகி, அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்டு, 2015ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனைக்குப் பின் திருப்பி அனுப்பப்பட்டார். 2016ல் வத்திக்கானைக் கலந்துகொண்டு உதகை ஆயர் அவர்மீதான இடைநீக்கத்தை விலக்கியபோது அது உலகச் செய்தியானது. ஆனதற்குக் காரணம், 2011ல் க்ரூக்ஸ்டன் மறைமாவட்டத்திடம் 7.5 லட்சம் டாலர் இழப்பீடு பெற்ற பெண் வாய்மூடி இருக்க ஒப்புக்கொள்ளாமல் தன் பெயரோடும் முகத்தோடும் பேசிக்கொண்டிருந்ததுதான். அவர் கையெழுத்தோடு மௌனத்தையும் விற்றிருந்தால், பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் நீலகிரியில் ஒரு பெற்றோருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. மேசையில் இல்லாத குழந்தையின் பங்கு என்று மேலே சொன்னது இவ்வளவு தூரம் நீளக்கூடியது.

சட்டங்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியா 2006லேயே இத்தகைய வழக்குகளின் ராஜிகளில் நடந்ததை மறைக்கும் நிபந்தனைக்குத் தடைவிதித்தது. தொகையை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலிய ராயல் கமிஷன், இழப்பீடு பெறுபவர்மீது எந்த ரகசியக் கட்டுப்பாடும் கூடாது என்று பரிந்துரைத்தது. மிசௌரியின் கனகுக் என்ற கிறிஸ்தவக் கோடை முகாமில் சிறுவயதில் பாதிக்கப்பட்டு, ராஜியில் வாய்ப்பூட்டும் போடப்பட்ட ட்ரே கார்லாக் 2019ல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய சகோதரியின் முயற்சியால் 2025ல் டெக்சஸும் மிசௌரியும் ‘ட்ரேயின் சட்டம்’ என்ற பெயரிலேயே இத்தகைய நிபந்தனைகளைச் செல்லாதவையாக்கின. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் சட்டசபைச் செய்திகளைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அல்லர். மேசை இழுப்பறையில் அந்தக் காகிதம் இருக்கிறது, மீறினால் பணத்தைக் கேட்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் ஆயர் 2018 ஆகஸ்டில், பழைய ராஜிகளின் ரகசிய நிபந்தனைகளைத் தன் மறைமாவட்டம் இனி வலியுறுத்தாது என்று பகிரங்கமாக அறிவித்தார். அறிவிப்பைக் காட்டிலும் நேரான வழி ஒன்று எல்லா மறைமாவட்டங்களிடமும் உண்டு. கையெழுத்திட்டவர்களின் பெயரும் முகவரியும் அவர்களுடைய கோப்புகளிலேயே இருக்கின்றன. ‘நீங்கள் பேசலாம்’ என்று ஆளுக்கொரு கடிதம் போட எந்தச் சட்டமும் தேவையில்லை.